21 பெயர்களை எழுதியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பொதுத்தேர்தல் முடிந்த கையோடு உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரே சாயலில் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். மக்கள் தகுதியானவர்களைத் தெரிவுசெய்யவில்லை, கொழும்புத் தமிழர் வாக்களிக்கப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டார்கள், போட்ட வாக்கையும் சிதறடித்துவிட்டார்கள் என்று பழி முழுக்க வாக்காளர் தலையில் விழும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சட்டியில் எதைப் போடுவது என்று யார், எப்போது, எப்படி முடிவுசெய்கிறார்கள் என்று ஒரு கடிதமும் கேட்டதாக நினைவில்லை. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்தருள்க.

2024ஐ எடுத்துக்கொள்வோம். செப்டெம்பர் 24ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. வேட்புமனு ஏற்பது ஒக்டோபர் 4இல் தொடங்கி 11ஆம் திகதி நண்பகல் 12 மணிக்கு முடிந்தது. வாக்களிப்பு நவம்பர் 14இல். கொழும்பு மாவட்டத்துக்கான 18 உறுப்பினர்கள் எந்தப் பெயர்களுக்குள்ளிருந்து வரலாம் என்பது ஒக்டோபர் 11 நண்பகலோடு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு 34 நாட்கள் நடந்த கூட்டம், சுவரொட்டி, முகநூல் சண்டை எல்லாமே எழுதி முடித்த பட்டியலுக்குள் நடந்தவை. 2020இல் இது இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. மார்ச் 2இல் கலைப்பு, 12 முதல் 19 வரை வேட்புமனு. பிறகு கொரோனா வந்து வாக்களிப்பு ஆகஸ்ட் 5 வரை தள்ளிப்போனது. நாடே தலைகீழாக மாறியிருந்தும் மார்ச் மாதத்து அவசரத்தில் எழுதிய பெயர்களுக்குத்தான் ஆகஸ்டில் வாக்களித்தோம்.

இந்த நாட்கணக்கு சட்டத்திலேயே இருக்கிறது. கலைப்புப் பிரகடனம் வெளியான நாளிலிருந்து 10ஆம் நாள் வேட்புமனு திறக்கும், 17ஆம் நாள் நண்பகல் மூடும். கலைப்புக்கு முன்பே ஆயத்தம் செய்யாத கட்சிக்கு மொத்தமாகக் கையில் இருப்பது இரண்டரை வாரம். நம் கட்சிகளில் முன்கூட்டியே ஆயத்தம் செய்பவை குறைவு. பட்டியலை முன்பே சொல்லிவிட்டால் இடம் கிடைக்காதவர் அடுத்த கட்சிக்குப் போய்விடுவார் என்பது தலைமைகளின் பயம். அதனால் தெரிந்தே கடைசி இரவுவரை இழுக்கிறார்கள். நேரமில்லாமல் தாமதமாகிறது என்று நம்பிவிட வேண்டாம், தாமதமே ஒரு கருவிதான்.

சட்டம் கட்சியிடம் கேட்பது என்ன? 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம் நியமனப் பத்திரத்தில் எதிர்பார்ப்பவை சில. மாவட்டத்தில் தெரிவாக வேண்டிய ஆசனங்களோடு 3ஐக் கூட்டி வரும் தொகைக்குப் பெயர்கள் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் சம்மதித்துக் கையொப்பமிட்டிருக்க வேண்டும். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் உள்ள சத்தியத்தை, அதாவது 1983இல் ஆறாவது திருத்தத்தோடு வந்த பிரிவினைக்கு எதிரான சத்தியத்தை, ஒவ்வொருவரும் செய்திருக்க வேண்டும். கட்சிச் செயலாளர் கையொப்பமிட்டு, அந்தக் கையொப்பத்தை ஒரு சமாதான நீதவானோ நொத்தாரிசோ உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். உரியவர் உரிய நேரத்துக்குள் தெரிவத்தாட்சி அலுவலரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்குக் கட்டுப்பணமும் இல்லை. சுயேச்சைக் குழுதான் தலைக்கு 2,000 ரூபா கட்டுகிறது.

கட்சி உறுப்பினர்கள் கூடினார்களா, வாக்கெடுத்தார்களா, தெரிவுக் குழுவில் யார் இருந்தார்கள் என்று அந்தப் பத்திரத்தில் ஒரு வரியும் இல்லை. ஜேர்மனியில் கட்சி உறுப்பினர்களோ அவர்கள் தெரிவுசெய்த பிரதிநிதிகளோ கூடி இரகசிய வாக்கெடுப்பில் வேட்பாளரைத் தெரிவுசெய்ய வேண்டும் என்று தேர்தல் சட்டமே சொல்கிறது. இங்கே சட்டத்தின் கண் செயலாளரின் கையொப்பத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் நடப்பது முழுக்கக் கட்சியின் வீட்டு விவகாரம்.

இனி அந்த வீட்டுக்குள் போவோம்.

கொழும்பு மாவட்டத்துக்கு 2024இல் 18 ஆசனம், ஆகவே 21 பெயர் வேண்டும். 19 ஆசனமுள்ள கம்பஹாவுக்கு 22. ஆறு ஆசனமாகக் குறைந்துவிட்ட யாழ்ப்பாணத்துக்கு 9. ஒரு பெயர் குறைந்தாலும் முழுப் பத்திரமும் தள்ளுபடி. எந்தக் கட்சியும் 18இல் 18ஐயும் வெல்லப் போவதில்லை என்று பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நான்கு ஆசனத்தை எதிர்பார்க்கும் கட்சியும் 21 பேரைத் தேடித்தான் ஆக வேண்டும். அதனால் பட்டியலுக்குள் இரண்டு பட்டியல் இருக்கும். வெல்வதற்கென்று வைத்த ஏழெட்டுப் பேர் ஒன்று, ஒப்புக்குச் சப்பாணியாக நிற்கும் மிச்சப் பேர் மற்றொன்று. இரண்டாவது வகையாரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர்களும் கடன் வாங்கிச் சுவரொட்டி ஒட்டுவார்கள்.

21 பெயரும் நிரம்பும் வரிசை பெரிய கட்சிகளில் அநேகமாக ஒன்றுதான். முதலில் கூட்டணிப் பங்காளிகளுக்கு ஒதுக்கீடு. கொழும்பில் தமிழ், முஸ்லிம் கட்சிகள் பெரும்பாலும் வேறொரு கட்சியின் சின்னத்தில் கேட்பதால் எத்தனை இடம், யார் யார் என்ற பேரம் இங்கேதான் நடக்கும். அடுத்து, இருக்கும் உறுப்பினர்கள். அவர்களை விலக்குவது வழக்கமில்லை, விலக்கினால் அன்று மாலையே மறுபக்க மேடையில் நிற்பார்கள். மூன்றாவது, தொகுதி அமைப்பாளர்கள். கொழும்பு வடக்கு, மத்தி, பொரளை, கிழக்கு, மேற்கு என்று தொடங்கி தெஹிவளை, இரத்மலானை, மொரட்டுவ, கெஸ்பேவ, அவிசாவளை வரை மாவட்டத்தில் 15 தேர்தல் தொகுதிகள். ஐந்து வருடம் கிளை அமைத்து, மரண வீட்டுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் போய்வந்த அமைப்பாளர் இடம் தனக்கே என்று இருப்பார். இந்த மூன்று வகையைக் கூட்டினாலே 21ஐத் தாண்டிவிடும். அதற்குமேல் ஒரு வைத்தியர், ஒரு விளையாட்டு வீரர், தொலைக்காட்சியில் தெரிந்த ஒரு முகம் என்று தலைமை நேராகக் கொண்டுவந்து இறக்கும் பெயர்கள். கடைசி இரவில் வெட்டுப்படுவது எப்போதும் அமைப்பாளர்தான். அவருக்குப் பின்னால் வேறு கட்சி நின்று கைதட்டுவதில்லை அல்லவா.

விண்ணப்பம் கோருவது, நேர்முகம் நடத்துவது எல்லாம் உண்டு. ஆனால் நேர்முகத்தில் கேட்பது பெரும்பாலும் மூன்றே விடயம்: உங்கள் கையில் எத்தனை வாக்கு, எவ்வளவு செலவழிப்பீர்கள், எந்த ஊர், எந்தச் சமூகம். சட்டமூலம் ஒன்றை வாசித்து விளக்கத் தெரியுமா என்று கேட்ட குழுவை அறியேன்.

அந்த முதல் கேள்விக்குச் சொல்லப்படும் பதிலைச் சரிபார்க்கவும் பொதுத்தேர்தல் முடிவுகள் உதவுவதில்லை. கட்சிகளின் வாக்கு தொகுதிவாரியாக வெளிவரும், அந்தக் கட்சிப் பட்டியலில் யார் யார் வேண்டும் என்று வாக்காளர் இடும் விருப்பு வாக்கோ வேட்பாளருக்கு மாவட்ட மொத்தமாகத்தான் வெளிவரும். அவருக்குக் கிடைத்தது கொட்டாஞ்சேனையிலிருந்தா கொலன்னாவையிலிருந்தா என்று உத்தியோகபூர்வமாகச் சொல்ல முடியாது. அதனால் "மத்தியில் பத்தாயிரம் என்னுடையது" என்று ஒரே நேர்முகத்தில் மூன்று பேர் சொல்லிவிட்டுப் போவார்கள். இதற்கு ஓரளவு மருந்து உள்ளூராட்சித் தேர்தல் முடிவுகள். அங்கே வட்டாரம் வட்டாரமாக எண்ணிக்கை இருக்கிறது, 2025 மே 6இல் நடந்த தேர்தலின் எண்ணிக்கை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. விண்ணப்பதாரர் தன் கோட்டை என்று சொல்லும் வட்டாரத்தில் கட்சிக்கு என்ன விழுந்தது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

பட்டியல் எழுதுவோர் செய்யவேண்டிய கணக்கு இன்னொன்றும் இருக்கிறது. கொழும்பில் 2024இல் தேசிய மக்கள் சக்திக்கு 788,636 வாக்கு, ஐக்கிய மக்கள் சக்திக்கு 208,249. வேறெந்தக் கட்சியும் 5 சதவீத எல்லையைத் தாண்டவில்லை, ஆகவே அவற்றின் வாக்குகள் கணக்கிலிருந்து நீங்கின. முதலிடக் கட்சிக்கு மேலதிகமாக ஓர் ஆசனம் போக மிச்சம் 17. இரண்டு கட்சிகளின் மொத்தம் 996,885ஐ 17ஆல் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை ஏறத்தாழ 58,640 வாக்கு. அதன்படி முதற் கட்சிக்கு 13, இரண்டாவதற்கு 3. கடைசி ஓர் ஆசனம் மிச்ச வாக்கு கூடியவருக்கு. ஒருபக்கம் சுமார் 26,300, மறுபக்கம் சுமார் 32,300. அது ஐக்கிய மக்கள் சக்திக்குப் போய் அவர்களுக்கு நான்கு ஆனது, மேலதிக ஆசனத்தோடு தேசிய மக்கள் சக்திக்கு 14.

அந்தக் கடைசி ஆசனத்தைத் தீர்மானித்தது வெறும் ஆறாயிரம் வாக்கு வித்தியாசம். ஒப்புக்கு நின்றவர்கள் தலைக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று சேர்த்துக் கொடுத்ததும் அதற்குள்தான் இருக்கிறது. ஆக, தனக்கு வாய்ப்பே இல்லாத 15ஆம், 18ஆம் வேட்பாளர் கட்சிக்குப் பயன்படுவார், தனக்குப் பயன்பட மாட்டார். இதை ஒருவரிடம் முகத்துக்கு நேரே சொல்லி, "நாலாவது ஆசனத்துக்காக நில்லுங்கள், செலவு கட்சியுடையது" என்று ஒப்பந்தம் செய்யும் கட்சி ஒன்று வந்தால் அதை மதிக்கலாம்.

நம் சமூகத்துக்கு வலிக்கும் இடம் அடுத்தது. மாவட்டச் சனத்தொகையில் தமிழர் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கிறோம். கொழும்பு வடக்கிலும் மத்தியிலும் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கமும் அடர்த்தி, அதற்கப்பால் தூவானம். ஒரு வாக்காளருக்கு விருப்பு வாக்கு மூன்று. ஒரு கட்சிக்கு 30,000 தமிழ் வாக்கு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் மூன்று தமிழர் இருந்து எல்லோரும் மூன்று விருப்பையும் அவர்களுக்கே இட்டால் ஒவ்வொருவருக்கும் 30,000. ஆறு தமிழர் இருந்தால் அதே வாக்கு சராசரி 15,000 ஆகக் கரைந்துவிடும். நடைமுறையில் இன்னும் மோசம், ஏனென்றால் நம்மில் பலர் ஒரு விருப்பை மட்டும் இட்டுவிட்டு வந்துவிடுகிறோம். "இம்முறை ஆறு தமிழருக்கு இடம் கொடுத்திருக்கிறோம்" என்று ஒரு கட்சி பெருமையாக அறிவிக்கும்போது கைதட்டுவதற்கு முன் இந்த வகுத்தலைச் செய்து பாருங்கள். ஆறு பேரும் கட்சிக்கு வாக்குச் சேர்ப்பார்கள். ஆறு பேரும் ஒருவரையொருவர் கீழே இழுப்பார்கள். நான்கு ஆசனம் பெறும் பட்டியலில் முதல் நான்குக்குள் வருவது பட்டியலில் இரண்டு தமிழர் மட்டும் இருந்தால் எளிது, ஆறு தமிழர் இருந்தால் மிகக் கடினம். 2024இல் கொழும்பில் தோற்ற தமிழ் முற்போக்குக் கூட்டணித் தலைவர் மனோ கணேசன் பிறகு தேசியப் பட்டியல் (நாடளாவிய வாக்கு விகிதப்படி கட்சிகளுக்குப் பகிரப்படும் ஆசனங்கள்) வழியாகத்தான் பாராளுமன்றம் போனார் என்பதையும் இத்தோடு வைத்துப் பாருங்கள்.

எனவே தமிழர் அமைப்புகள் கட்சிகளிடம் கேட்க வேண்டியது "எத்தனை பேர்" என்றல்ல. மூன்றுக்கு மேல் வேண்டாம், அந்த மூவரும் வேறு வேறு தொகுதிகளில் வேலை செய்தவர்களாக இருக்கட்டும் என்று கேட்கலாம். ஒரே தொகுதியில் மூவரையும் நிறுத்தினால் முதல் வாரத்திலேயே ஒருவர் சுவரொட்டியின் மேல் மற்றவர் ஒட்டுவார்.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. நம் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரே இல்லை. மேலே கட்சிகளின் பெயரும் சின்னமும், கீழே வெறும் இலக்கங்கள். அந்த இலக்கம் கட்சி கொடுப்பதல்ல, வேட்பாளர் பெயர்களின் சிங்கள அகரவரிசையில் விழுவது. ஆகவே நியமனப் பத்திரத்தில் பெயரை எப்படி எழுதுகிறார்கள் என்பது சிறிய சங்கதியல்ல. தகப்பன் பெயர் முன்னாலா, சொந்தப் பெயர் முன்னாலா, முதலெழுத்தா முழுப்பெயரா என்று தமிழ் வேட்பாளர்கள் கடைசி நிமிடத்தில் தடுமாறுவதும், அடையாள அட்டையில் ஒருவிதமும் வாக்காளர் இடாப்பில் ஒருவிதமும் இருப்பதும் வழமை.

அந்தக் கடைசி இரவை எண்ணிப் பாருங்கள். நீள மேசை, அதன்மேல் ஒரேயொரு நியமனப் பத்திரம், 21 நிரல். பதினேழு கையொப்பம் விழுந்தாயிற்று. ஒருவர் பதுளையிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். ஒருவர் கைபேசியை அணைத்துவிட்டார், அவரை எதிர்த்தரப்பு இழுத்துவிட்டதோ என்று சந்தேகம். இரண்டு நிரல் வேண்டுமென்றே வெற்றாக விடப்பட்டிருக்கிறது, தலைவர் காலையில் சொல்வாராம். காலை ஒன்பதுக்கு அந்த இரண்டு பெயர் வருகிறது. அவர்களில் ஒருவர் சம்மத நிரலில் ஒப்பமிடுகிறார், சத்தியப் பத்திரத்தில் ஒப்பமிட மறந்துவிடுகிறார். சமாதான நீதவான் முத்திரையைக் குத்துகிறார், திகதி போடவில்லை. பதினொன்றரைக்கு வாகனம் நாரஹேன்பிட்டி நெரிசலில் நிற்கிறது. நண்பகலுக்கு வாயில் மூடும். அதன்பின் ஆட்சேபனைக்கு ஒன்றரை மணிநேரம், பி.ப. 1.30 வரை. எதிர்க்கட்சிகளின் சட்டத்தரணிகள் அந்த ஒன்றரை மணிநேரமும் மற்றவர் பத்திரங்களை வரிவரியாகப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு சத்தியம் இல்லை, ஒரு சம்மதம் இல்லை, செயலாளரின் கையொப்பம் உறுதிப்படுத்தப்படவில்லை என்றால் தள்ளுபடியாவது அந்த ஒருவர் அல்ல, முழுப் பட்டியலும். ஐந்து வருட வேலை ஒரு கையொப்பத்தோடு போய்விடும். தள்ளுபடியான பட்டியல்களின் செய்தி வரும்போது ஏதோ சதி என்று பேசுகிறோம். பெரும்பாலும் சதியில்லை, கடைசி இரவு எழுத்துத்தான். 2025 உள்ளூராட்சி வேட்புமனுக்களில் இளைஞர் வேட்பாளர்களின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி முறைப்படி உறுதிப்படுத்தப்படவில்லை என்ற ஒரே காரணத்தால் எத்தனையோ பட்டியல்கள் விழுந்து, மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை போய்த் திரும்பி வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

செய்யக்கூடியது எளிது. வெற்று நிரலோடு பத்திரம் வைத்திருக்கக் கூடாது. கையொப்பங்களைக் குறைந்தது மூன்று நாள் முன்பே முடித்து, பத்திரத்தைக் கையாளாத ஒரு சட்டத்தரணியிடம் வாசிக்கக் கொடுக்க வேண்டும். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. 17ஆம் நாளன்று அல்ல, 15ஆம் நாள் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போக வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு வேட்பாளர் ஒருவர் "விலகிவிட்டேன்" என்று பத்திரிகையாளர் மாநாடு வைத்தாலும் அவருடைய இலக்கம் வாக்குச்சீட்டில் இருக்கும், அவருக்கு விழும் விருப்பும் எண்ணப்படும்.

ஆளைச் சரிபார்ப்பது இதைவிட மோசமாக நடக்கிறது. இரட்டைக் குடியுரிமையாளர் உறுப்பினராக முடியாது என்பது 2015இல் 19ஆவது திருத்தத்தில் வந்து, 2020இல் 20ஆவதில் நீங்கி, 2022இல் 21ஆவதில் மீண்டும் வந்தது. கீதா குமாரசிங்க 2017இல் ஆசனத்தை இழந்தது இந்தக் காரணத்தால். 2024 மே மாதம் டயனா கமகே உயர் நீதிமன்றத் தீர்ப்பால் ஆசனத்தை இழந்ததும் குடியுரிமை விவகாரத்தால்தான். இரண்டையும் வேட்புமனு வேளையிலேயே கட்சி கேட்டிருக்க வேண்டும். கடவுச்சீட்டுகள் எல்லாவற்றின் பிரதியும் எழுத்து மூல உறுதிமொழியும் வாங்கினால் முடிந்துவிடுகிற வேலை இது. கல்வித் தகைமையும் இப்படித்தான். 2024 நவம்பர் 21இல் சபாநாயகரான அசோக ரன்வல தன் கலாநிதிப் பட்டம் பற்றிய கேள்விகளுக்கு நடுவே டிசம்பர் 13இல் விலகினார். மூன்று வாரத்தில் பொதுமக்கள் கேட்ட கேள்வியை மூன்று மாதம் முன்பு கட்சி கேட்டிருக்கலாம். அரசோடு ஒப்பந்த வியாபாரம், கடந்த ஏழு வருடத்தில் சிறைத்தண்டனை, அரச பதவியில் இருப்பது ஆகியவையும் தகுதியைக் கெடுக்கக்கூடியவை. கொழும்பில் ஒப்பந்த வியாபாரம் செய்யாத வேட்பாளரைத் தேடிப் பிடிப்பது ஒரு தனி வேலை.

சொத்துப் பிரகடனம் இப்போது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. தேர்தல் செலவின அறிக்கை 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி முடிவு வந்து 21 நாளுக்குள் கொடுக்க வேண்டியது. ஒப்புக்கு நின்றவர்தான் இந்த இரண்டாவதில் மாட்டிக்கொள்வார். தோற்ற கையோடு கட்சி அவரை மறந்துவிடும், சட்டம் மறக்காது.

செயலாளரின் கையொப்பத்துக்கு மீண்டும் வருகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் முடிகிறது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2001இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் கேட்டது. 2004இல் அந்தக் கட்சிக்குள் பிளவு நீதிமன்றம் வரை போய், கூட்டமைப்பு இலங்கைத் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு மாற வேண்டி வந்தது. கூட்டமைப்பு தனிக் கட்சியாகப் பதியப்படவே இல்லை. அதனால் யார் வேட்பாளர் என்பதில் கடைசி வார்த்தை வீட்டின் திறப்பை வைத்திருந்தவர்களுடையதாக இருந்தது. பங்காளிக் கட்சிகள் இருபது வருடம் பட்ட மனத்தாங்கலில் பாதி இந்தத் திறப்பைப் பற்றியது. சின்னம் யாருடையதோ பேனா அவருடையது. இன்று கொழும்பில் வேறு கட்சியின் சின்னத்தில் கேட்கும் தமிழ்க் கட்சிகளும் இதே நிலையில்தான் இருக்கின்றன.

தேசியப் பட்டியலில் இது இன்னும் கூர்மை. 29 ஆசனம். வேட்புமனுக் காலத்திலேயே பெயர்ப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், அது வெளியிடப்படும். நாமும் பேராசிரியர்கள், கலைஞர்கள் பெயரைக் கண்டு மகிழ்வோம். ஆனால் தேர்தல் முடிந்ததும் செயலாளர் அந்த வரிசைப்படி போகத் தேவையில்லை. அந்தப் பட்டியலிலிருந்தோ எந்த மாவட்டத்திலாவது நின்று தோற்றவர்களிலிருந்தோ யாரையும் அனுப்பலாம் என்று அரசியலமைப்பின் 99அ உறுப்புரை சொல்கிறது. ஐக்கிய தேசியக் கட்சி 2020இல் கிடைத்த ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனத்தை 2021 ஜூன்வரை வெறுமையாக வைத்திருந்து, கொழும்பில் தோற்ற ரணில் விக்கிரமசிங்கவை அனுப்பியது. அந்த ஓர் ஆசனத்திலிருந்து அவர் மறு வருடம் ஜனாதிபதியானார். 2024இல் புதிய ஜனநாயக முன்னணியின் செயலாளர் ரவி கருணாநாயக்கவின் பெயரை அனுப்பிய பிறகுதான் பங்காளிகள் விழித்துக்கொண்டு கூச்சலிட்டார்கள். பெயர் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் கூச்சலுக்குச் சட்டத்தில் இடமில்லை.

பெண்கள் பற்றி ஒரு பந்தி. உள்ளூராட்சியில் 25 சதவீத ஒதுக்கீடு சட்டத்தில் இருக்கிறது, பாராளுமன்றப் பட்டியலுக்கு இல்லை. 2024இல் முன்னெப்போதையும்விடக் கூடுதலாகப் பெண்கள் வந்தார்கள், இருந்தும் 225 பேரில் பத்தில் ஒன்றுக்கு எட்டவில்லை. மாத்தறையில் சரோஜா போல்ராஜ், பதுளையில் அம்பிகா சாமுவேல், நுவரெலியாவில் கலைச்செல்வி என்று தமிழ்ப் பெண்கள் வந்தது அவர்களை வெல்லும் பட்டியலில் வைத்ததால். நம் கட்சிகள் ஒப்புக்கு நிரப்பும் நிரல்களில்தான் பெண்கள் பெயரைத் தேடுகின்றன, அதுவும் 16ஆம் நாள் இரவு.

சரி, என்ன செய்யலாம்? சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கட்சிகள் தம் யாப்பைத் தேர்தல்கள் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்திருக்கின்றன. வேட்பாளரை யார் தெரிவுசெய்ய வேண்டும் என்று அதில் ஏதாவது எழுதப்பட்டிருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ராஜகிரியவில் உள்ள ஆணைக்குழுவிடம் அதன் பிரதியை யாரும் விண்ணப்பித்துக் கேட்கலாம். யாப்பு ஒன்று சொல்ல நடப்பு வேறொன்றாக இருந்தால் அதைக் கட்சிக் கிளைக் கூட்டத்தில் எழுப்ப உறுப்பினருக்கு உரிமை உண்டு. ஆனால் கலைப்புக்கு முன்பே எழுப்ப வேண்டும். இடம் கிடைக்காதவர் 16ஆம் நாள் மாவட்ட நீதிமன்றத்துக்கு ஓடினால் கட்டளை கிடைக்கும்போது வாக்குச்சீட்டு அச்சாகியிருக்கும். சட்டத்தில் ஒரேயொரு திருத்தம் கேட்கலாமென்றால், நியமனப் பத்திரத்தில் செயலாளரின் கையொப்பத்துக்கு மேலே ஒரு வரி: "இப்பெயர்கள் கட்சி யாப்பின் இன்ன பிரிவின்படி, இன்ன திகதிக் கூட்டத்தில் தெரிவுசெய்யப்பட்டவை." பொய்யெழுதினால் பொய்ச் சத்தியம். கட்சிகள் யாப்பையே முதன்முறையாக வாசிக்கத் தொடங்கும்.

2015இல் கட்சித் தலைவர்கள் மேடையேறி ஒப்பமிட்ட மார்ச் 12 பிரகடனத்தில் குற்றவாளி வேண்டாம், இலஞ்சக்காரர் வேண்டாம், பெண்களுக்கும் இளைஞருக்கும் இடம் கொடுங்கள் என்று எட்டு அளவுகோல் இருந்தன. நல்ல அளவுகோல்கள்தான். அளந்து பார்ப்பவர் யார் என்று மட்டும் அதில் இல்லை.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். வேட்புமனு முடிந்த மறுநாள் நீங்கள் எல்லாப் பட்டியல்களையும் புகைப்படங்களோடு இரண்டு பக்கத்துக்குப் போடுகிறீர்கள். அதே இரண்டு பக்கத்தை பத்து நாள் முன்பு ஒதுக்குங்கள். கொழும்பில் கேட்கும் ஒவ்வொரு கட்சியிடமும் ஐந்து கேள்வி போதும்: தெரிவுக் குழுவில் யார் யார், விண்ணப்பித்தவர் எத்தனை பேர், எத்தனை தமிழர் எந்தெந்தத் தொகுதிக்கு, இரட்டைக் குடியுரிமையையும் கல்விச் சான்றிதழையும் பார்த்தது யார், தேசியப் பட்டியலில் முதல் மூன்று பெயரை வென்றால் அனுப்புவீர்களா மாட்டீர்களா. பதில் தந்த கட்சியின் பதிலைப் போடுங்கள். தராத கட்சியின் பெயரை எழுதி அதன் கீழே இடத்தை வெறுமையாக விடுங்கள்.

இப்படிக்கு,
நியமனப் பத்திரங்களோடு பழகிய ஒரு வாசகர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.